எதிக்ஸ் கமிட்டி: ஒழுங்கு நடவடிக்கைக் குழுவா, நடத்தை நெறிக் குழுவா?

2024 ஜூலையில் பீகார் சட்ட மேலவை உறுப்பினர் சுனில் குமார் சிங்கின் பதவி பறிபோன செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். "மேலவையின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு பரிந்துரைத்தபடி" என்று வாசித்தார்கள். முந்தைய ஆண்டு மக்களவை உறுப்பினர் மஹுவா மொய்த்ரா வெளியேற்றப்பட்ட விவகாரத்திலும் இதே சொல் காதில் விழுந்தது. அப்போது விட்டுவிட்டேன், இந்த முறை விட மனம் வரவில்லை. அவை உறுப்பினர்களின் நடத்தை பற்றிய புகார்களை விசாரிக்கும் எதிக்ஸ் கமிட்டிக்கு அது பொருந்தாத பெயர்.

சொல்லின் வேர் எளிது. கிரேக்கத்தில் 'எத்தோஸ்' என்றால் பழக்கம், குணம். அதிலிருந்து எதிக்ஸ்: ஒருவர் எப்படி நடந்துகொள்வது தகும் என்கிற கேள்வி. பீகாரில் இந்தக் குழுவை 'ஆசார் சமிதி' என்கிறார்கள். ஆசாரமும் நடத்தைதான், ஆனால் தமிழில் ஆசாரம் என்றதும் மடியும் தீட்டும்தான் நினைவுக்கு வரும். அது நமக்கு வேண்டாம்.

சரி, ஒழுங்கு நடவடிக்கை என்ற சொல்லை நாம் எங்கே கேட்கிறோம்? அரசு அலுவலகத்தில். பணி விதிகளின் 17 பி பிரிவில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும், ஊழியர் விளக்கம் எழுதுவார், மேலதிகாரி முடிவெடுப்பார். அப்புறம் கட்சிகளில். தலைமைக்கு எதிராகப் பேசியவருக்கு நோட்டீஸ் போகும், அடுத்து நீக்கம். இரண்டிலும் மேலே ஒருவர், கீழே ஒருவர். சட்டமன்ற உறுப்பினருக்கு அப்படி மேலதிகாரி யாரும் கிடையாது. மக்களோ அவர்களின் பிரதிநிதிகளோ தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒருவரை, அவரோடு சமமாக உட்காரும் உறுப்பினர்கள் விசாரிக்கிறார்கள். இந்தச் சொல் அவரைச் சம்பளக்காரராக்கிவிடுகிறது.

இன்னொரு கோளாறு இதைவிடப் பெரியது. 'நடவடிக்கை' என்று பெயரிலேயே சொல்லிவிட்டால், விசாரணை தொடங்கும் முன்பே முடிவு தெரிந்ததுபோல் ஆகிறது. குழுவின் வேலை அது அல்ல. புகார் வரும், இரு தரப்பையும் கேட்கும், அறிக்கை எழுதி அவைக்குப் பரிந்துரைக்கும். முடிவெடுப்பது அவை.

பீகாரில் நடந்ததையே பாருங்கள். 2024 பிப்ரவரியில், மேலவைக்குள் முதல்வர் நிதிஷ் குமாருக்கு எதிராக முழக்கமிட்டார், அவரைப்போல நடித்துக் கேலி செய்தார் என்பது சுனில் குமார் சிங் மீதான புகார். அதே புகாரில் சிக்கிய இன்னொரு மேலவை உறுப்பினர் முகம்மது காரி சோஹைப் வருத்தம் தெரிவித்தார், அவருக்கு 2 நாள் இடைநீக்கம். சிங்கோ குழுவின் அதிகாரத்தையே கேள்வி கேட்டார். அவரை ஒரேயடியாக நீக்கப் பரிந்துரை போனது, அவையும் ஏற்றது. 2025 பிப்ரவரி 25 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. அவர் நடந்துகொண்ட விதம் தகாதது, ஆனால் தண்டனை அளவு மீறியது என்றது. வெளியே இருந்த ஏறத்தாழ 7 மாதங்களையே இடைநீக்கக் காலமாகக் கொள்ளச் சொன்னது. நடத்தை ஒரு கேள்வி, தண்டனை வேறொரு கேள்வி என்று நீதிமன்றம் பிரித்து எடை போட்டது. 'ஒழுங்கு நடவடிக்கைக் குழு' என்ற பெயர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

இதை உரிமைக் குழுவோடும் குழப்பக் கூடாது. 2017-ல் தமிழ்நாடு சட்டமன்றத்துக்குள் திமுக உறுப்பினர்கள் குட்கா பொட்டலங்களைக் கொண்டுவந்து காட்டியபோது நோட்டீஸ் அனுப்பியது உரிமைக் குழு. அவையின் உரிமை மீறப்பட்டதா என்பது அதன் கேள்வி. வெளியாட்களையும், பத்திரிகையாளர்களையும்கூட அது அழைக்கலாம். எதிக்ஸ் கமிட்டி பார்ப்பது உறுப்பினர்களின் நடத்தையை.

மற்ற பெயர்களில் 'நெறிமுறைக் குழு' பரவாயில்லை. ஆனால் கொரோனா காலத்துக்குப் பிறகு நெறிமுறை என்றாலே முகக்கவசம், இடைவெளி என்று வழிகாட்டும் பட்டியல்தான் மனதில் வருகிறது. விதி வகுக்கும் குழுவோ என்று தோன்றும், அதற்கு விதிகள் குழு தனியாக இருக்கிறது. 'நன்னடத்தை' சிறையிலிருந்து முன்கூட்டியே விடுதலையாகிறவர்களோடு ஒட்டிப்போன சொல். 'ஒழுக்கம்' அருமையான பழஞ்சொல். ஒழுகுதல், அதாவது இடைவிடாமல் ஒரு வழியில் நடத்தல், எத்தோஸுக்கு மிக நெருக்கம். அதை ஆண் பெண் விவகாரமாக நாம் சுருக்கிவிட்டோம். ஒழுக்கக் குழு விசாரிக்கிறது என்று எழுதினால் வாசகர் வேறெதையோ நினைப்பார்.

அதனால் நான் சொல்வது 'நடத்தை நெறிக் குழு'. எதைப் பார்க்கிறது? நடத்தையை. எதை வைத்துப் பார்க்கிறது? நெறியை. விதி என்றால் எழுதிவைத்தது மட்டும்தான், நெறியில் எழுதாத மரபும் அடங்கும். கொஞ்சம் நீளம்தான், ஆனால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மாநிலங்களவையில் 1997-லும் மக்களவையில் 2000-லும் இப்படிப்பட்ட குழுக்கள் வந்துவிட்டன. இத்தனை ஆண்டுகளில் நம் செய்திகளில் ஒரு பெயர்கூட நிலைக்கவில்லை. மொழிபெயர்ப்பவர்கள் அந்த அமைப்பு என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை, கடைசியில் என்ன தண்டனை வந்தது என்று பார்த்துப் பெயர் வைக்கிறார்கள். வெளியேற்றத்தைத் 'தகுதி நீக்கம்' என்று எழுதுவதும் இந்த அவசரத்தால்தான். தகுதி நீக்கம் சிறைத் தண்டனை, கட்சித் தாவல் போன்று சட்டம் சொல்லும் காரணங்களால் வருவது. அவை தன் உறுப்பினரை வெளியேற்றுவது வேறு. மஹுவா மொய்த்ரா 2023 டிசம்பர் 8 அன்று மக்களவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவருடைய தகுதியை யாரும் பறிக்கவில்லை. 2024-ல் அதே கிருஷ்ணாநகர் தொகுதியில் நின்று, வென்று, அதே அவைக்குத் திரும்பினார்.