கிலோமீட்டர் குறைவு என்றால் கொஞ்சம் பயப்படுங்கள்

"பத்து வருஷ வண்டி சார், 20,000 கிலோமீட்டர்கூட ஓடலை, ஒரே ஓனர்" என்று யாராவது சந்தோஷமாகப் போன் செய்தால் எனக்கு வயிற்றில் லேசாகப் புளியைக் கரைக்கும். காராக இருந்தால் நானும் சேர்ந்து சந்தோஷப்படுவேன். உள்ளேயே படுத்து, சமைத்து, குளித்து ஊர் சுற்றும் மோட்டார்ஹோம் விஷயத்தில் அந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். பழைய மோட்டார்ஹோம்களை வாங்குவதற்கு முன் பார்த்துச் சொல்வது என் தொழில். ஓடித் தேய்ந்த வண்டிகளைவிட, எங்கோ ஒரு மூலையில் மழையிலும் வெயிலிலும் சும்மா நின்றே கெட்டுப்போன வண்டிகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நின்ற வண்டியில் டயர் வெடிப்பு விடும், பேட்டரி செத்திருக்கும், ரப்பர் எல்லாம் காய்ந்திருக்கும், எலி குடித்தனம் நடத்தியிருக்கும். கூரையில் நூல் அளவு வெடிப்பு விழுந்து மூன்று மழைக்காலம் தண்ணீர் இறங்கியிருந்தாலும் உள்ளே போய்ப் பார்க்க ஆள் இருந்திருக்காது.

இது ஒரு வண்டி இல்லை, ஒரு வண்டியும் அதன் முதுகில் ஒரு வீடும். கீழே இருப்பது பெரும்பாலும் ஃபியட் டுகாட்டோ, மெர்சிடீஸ் ஸ்ப்ரின்டர், ஃபோர்டு மாதிரி ஏதாவது ஒரு வேன் அல்லது லாரியின் அடித்தளம். மேலே வீட்டைக் கட்டியது வேறொரு கம்பெனி. அடித்தளம் தயாரான வருடமும் வீடு கட்டி விற்ற வருடமும் வேறுவேறாக இருக்கலாம், அதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஆனால் என்ஜினுக்கு ஸ்பேர் வாங்கப் போகும்போது அடித்தளத்தின் வருடம்தான் செல்லும். அதனால் சர்வீஸ் ரசீதுகளையும் இரண்டு கட்டாகக் கேளுங்கள். ஆயில் மாற்றியதற்கெல்லாம் ரசீது அடுக்கிக் காட்டுகிறவரிடம் "வீட்டுப் பக்கம் கடைசியா எப்போ ஈரம் பார்த்தீங்க, கேஸ் லைன் சோதிச்சீங்க?" என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். வாங்க வருகிறவர்களும் சளைத்தவர்கள் இல்லை. பானெட்டைத் திறந்து அரைமணி நேரம் குனிந்து நிற்பார்கள், கூரையை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். என்ஜினுக்கு மெக்கானிக் கிடைப்பார். உளுத்துப்போன சுவரைப் பிரித்துக் கட்ட ஆள் கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் அவர் சொல்லும் தொகையைக் கேட்டால் வண்டியே வேண்டாம் என்றாகிவிடும்.

ஆகவே நான் கூரையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். (எல்லாக் கூரையும் ஆள் எடையைத் தாங்காது, ஏணியில் நின்று பார்ப்பது உத்தமம், ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் ஓனரைக் கேட்டுக்கொண்டு பலகை போட்டு ஏறுங்கள்.) பல வண்டிகளின் சுவர் எப்படி இருக்கும் என்றால், வெளியே மெல்லிய அலுமினியம் அல்லது ஃபைபர் தகடு, நடுவில் தெர்மோகோல் மாதிரி ஒரு நுரைப்பலகையும் மரச்சட்டமும், உள்ளே மெல்லிய பிளைவுட், எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். கூரையில் காற்றுப்போக்கிக்கு ஒரு ஓட்டை, ஏசிக்கு ஒன்று, ஆன்டெனாவுக்கு, சோலார் ஒயருக்கு, குளியலறை ஜன்னலுக்கு என்று வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொன்றையும் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை, அதாவது சீலன்ட், பூசியிருக்கும். வெயிலில் அது காயும், வண்டி ஓடும்போது உடம்பு முழுக்க முறுக்கிக்கொள்ளும், ஒருநாள் முடி அளவு பிளவு விழும். அதன் வழியாக இறங்கும் தண்ணீர் இரண்டு தகடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஆவியாக வழியில்லாமல் மரத்தை மெல்ல மெல்லத் தின்னும். இன்னொரு தொல்லை, கறை தெரியும் இடத்தில் ஓட்டை இருக்காது. முன்பக்கம் நுழைந்த தண்ணீர் சட்டத்தின் வழியே ஓடி நடுவில் உள்ள அலமாரியில் வந்து எட்டிப் பார்க்கும்.

ஒரு வண்டி பார்க்கப் போனேன், உள்ளே புதுப் பெண் மாதிரி இருந்தது. புது வால்பேப்பர், புது மெத்தை உறை, மூக்கைத் துளைக்கும் வாசனை ஸ்பிரே. வாங்க வந்த தம்பதிக்கு முகமெல்லாம் சிரிப்பு. டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, காற்றையும் மழையையும் நேருக்கு நேர் வாங்கும் இடம் அது, ஒழுகுவதில் பெரும்பாலும் அதுதான் முதலில் ஒழுகும். மெத்தையைத் தூக்கி மூலையில் இருந்த ஒரு ஸ்க்ரூவைத் தொட்டேன், ஸ்க்ரூடிரைவர் தேவைப்படவில்லை, விரலோடு வந்துவிட்டது. பிடித்திருந்த மரம் ஊறின ரஸ்க் மாதிரி இருந்தது. விற்றவர் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு முன்னால் வைத்திருந்தவர் ஒட்டிய பேப்பராகக்கூட இருக்கலாம்.

அதனால் கண்ணுக்குத் தெரியும் இடங்களை விட்டுவிட்டு, யாரும் அலங்காரம் செய்யாத இடங்களைப் பாருங்கள். மேல் அலமாரிகளின் பின்மூலை, கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டி, ஜன்னலின் கீழ் விளிம்பு, குளியலறைத் தரை, வாசல்படிக்குப் பக்கத்தில் உள்ள தரை. கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். நல்ல சுவர் அசையாது, ஊறின சுவர் உள்ளே வாங்கும். தரையில் குதிகாலால் நடந்து பாருங்கள். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது வெளிச்சுவரோடு கன்னத்தை வைத்து நீளவாக்கில் பார்த்தால், ஒட்டு விட்டுப்போன இடம் அலையலையாக உப்பியிருப்பது நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் இது தெரியாது. ஈரம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை. எங்கள் தொழிலில் சுவரில் 15 சதவீதம் வரை கவலைப்பட மாட்டோம், 15 முதல் 20 வரை கண் வைத்துக்கொள்ளச் சொல்வோம், 20-ஐத் தாண்டினால் காரணம் தேடாமல் விடமாட்டோம், 30-க்கு மேல் என்றால் உள்ளே மரம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஒரே ஒரு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், நான் ஒரு வண்டிக்கு ஐம்பது அறுபது இடங்களில் வைப்பேன். முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். பழைய சீலன்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே வெள்ளை சிலிகானை அப்பியிருந்தால், யாரோ ஒரு ஒழுகலைத் தேடி அலைந்திருக்கிறார்கள், அநேகமாகக் கண்டுபிடிக்கவும் இல்லை.

சரி, கீழே இறங்குவோம். டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுபள்ளம்) எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது இங்கே உதவாது, மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் சாகிறது. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2317 என்றிருந்தால் 2017-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்து வருடம் தாண்டினால் வருடாவருடம் நிபுணர் பார்க்க வேண்டும், பத்து வருடத்துக்கு மேல் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். நான் ஆறேழு வருடத்திலேயே மாற்றச் சொல்கிறவன். பின்னால் இரட்டை டயர் என்றால் உள்டயரையும் டார்ச் அடித்துப் பாருங்கள், வெளிடயரை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே தாத்தா காலத்து டயரை விட்டுவைத்த வண்டிகள் உண்டு. அந்த நான்கு எண்கள் சில சமயம் டயரின் உள்பக்கத்தில்தான் அச்சாகியிருக்கும், சட்டை அழுக்காகும் என்று பார்க்காதீர்கள்.

என்ஜின் பற்றி நிறைய சொல்ல மாட்டேன், அதைப் பார்க்க உங்கள் ஊர் மெக்கானிக்குக்கே தெரியும். ஒன்று மட்டும்: நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள், போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். டைமிங் பெல்ட் (என்ஜினின் உள்பாகங்களை ஒரே தாளத்தில் சுழற்றும் பட்டை) உள்ள என்ஜின் என்றால் அதற்குக் கிலோமீட்டர் கணக்கோடு வருடக் கணக்கும் உண்டு, 20,000 ஓடியதும் பத்து வருடம் பழையதுமான பெல்ட் புதுசு கிடையாது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. ஓட்டிப் பார்க்கும்போது ஐந்து நிமிடம் தெருவைச் சுற்றிவிட்டு வராமல், அரைமணி நேரம், ஒரு மேடும் கொஞ்சம் வேகமும் இருக்கும் பாதையில் ஓட்டுங்கள்.

அப்புறம் வீட்டுக்குள் இருக்கும் சாமான்கள். தண்ணீர் லைனுக்கு எனக்குப் பிடித்த ஒரு சோதனை இருக்கிறது, கருவியே வேண்டாம். தொட்டியில் தண்ணீர் நிரப்பி பம்ப்பைப் போடுங்கள், குழாய்களைத் திறந்து காற்றை வெளியேற்றி மூடுங்கள். அழுத்தம் ஏறியதும் பம்ப் தானாக நிற்கும். இனிமேல் யாரும் பேசாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் நடுவில் ஒருமுறை 'டுர்ர்' என்றால், எங்கோ சொட்டுகிறது, அல்லது பம்ப்பின் வால்வே அழுத்தத்தைப் பிடிக்கவில்லை. பனி உறையும் ஊரில் நின்ற வண்டியாக இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள், குழாயில் தண்ணீரை வடிக்காமல் விட்டு உறைந்து வெடித்திருக்கலாம்.

ஃப்ரிட்ஜில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மோட்டார்ஹோம்களில் உள்ள பல ஃப்ரிட்ஜ்களில் கம்ப்ரசரே கிடையாது. கேஸ் சுடரோ மின்சார ஹீட்டரோ சூடாக்க, உள்ளே அம்மோனியா சுற்றிவந்து குளிர வைக்கும். அது குளிர மணிக்கணக்கில் ஆகும், அதனால் நீங்கள் போன அன்று போட்டுக் காட்டுவதில் அர்த்தமில்லை, முதல்நாள் ராத்திரியே போட்டு வைக்கச் சொல்ல வேண்டும். கேஸிலும் கரண்டிலும் தனித்தனியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள், ஒன்றில் மட்டும் ஓடும் ஃப்ரிட்ஜை 'நல்லா ஓடுது சார்' என்பார்கள். பின்பக்கம் வெளியே ஒரு மூடி இருக்கும், திறந்து பார்த்தால் மஞ்சள் தூள் படிந்திருக்கிறதா, அம்மோனியா நெடி அடிக்கிறதா? அப்படியென்றால் அந்த ஃப்ரிட்ஜின் கதை முடிந்தது, அதைப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

கேஸ் பற்றி விளையாட்டே கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும், அதனால்தான் அதன் அலாரம் தரைக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த அலாரத்துக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. கழற்றிப் பின்னால் உள்ள தேதியைப் படியுங்கள், பட்டனை அழுத்தினால் சத்தம் வருகிறது என்பது மட்டும் போதாது. ரப்பர் குழாயிலும் தேதி இருக்கும். இணைப்புகளில் சோப்பு நுரை போட்டுப் பார்ப்பது உங்கள் திருப்திக்கு, முழு லைனையும் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பதை அதற்கான ஆளிடம் விட்டுவிடுங்கள்.

வண்டியின் வீட்டுப் பக்கத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பேட்டரியை சார்ஜரிலிருந்து கழற்றிச் சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால், நல்ல ஈய பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.2-க்குப் பக்கத்தில் என்றால் பாதிதான் இருக்கிறது, 12-க்குப் பக்கத்தில் என்றால் அதைவிடவும் குறைவு. மாதக்கணக்கில் அப்படியே கிடந்த பேட்டரி திரும்ப எழுந்திருப்பது சந்தேகம். ஜெனரேட்டருக்கு கிலோமீட்டர் இல்லை, மணிக்கணக்கு. மிகக் குறைவான மணி என்றால் அதுவும் நல்ல செய்தி இல்லை, மாதத்துக்கு ஒருமுறையாவது ஏசி மாதிரி ஒரு பளுவைப் போட்டு ஓட்டாத பெட்ரோல் ஜெனரேட்டரில் எரிபொருள் பிசினாகி கார்புரேட்டரை அடைத்துக்கொள்ளும்.

எடையை மட்டும் யாரும் கேட்பதே இல்லை. வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம், பல நாடுகளில் சாதாரண கார் உரிமத்தின் எல்லையும் அதுதான். எடை மேடையில் காலி வண்டி 3,000 காட்டுகிறது. மிச்சம் 500. 75 கிலோ வீதம் நான்கு பேர் ஏறினால் 300 போச்சு. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ போச்சு. பாக்கி 100 கிலோவில் துணி, பாத்திரம், சிலிண்டர், சைக்கிள், முந்தைய ஓனர் ஆசையாகக் கூடுதலாக மாட்டிய எல்லாமும் அடங்க வேண்டும். விளம்பரத் தாளில் உள்ள எடையை நம்பாமல், வாங்குமுன் ஒருமுறை எடை போடச் சொல்லுங்கள், முடிந்தால் முன் அச்சு தனியாகவும் பின் அச்சு தனியாகவும்.

இவ்வளவு பார்த்தும் குறையே இல்லாத பழைய வண்டி என்று ஒன்றை நான் இன்னும் பார்த்ததில்லை. டயர் வயசானது, பேட்டரி போனது, பெல்ட் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் பேரம் பேசும் விஷயங்கள், பட்டியல் போட்டு விலையில் கழித்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தை முதல் வருடத்துக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். சுவரும் தரையும் ஊறியிருந்தால் எவ்வளவு குறைத்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் பிரித்துப் பார்க்கும்வரை சேதம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. வாங்கிய பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏணி போட்டு சீலன்ட்டைப் பார்க்கிற வேலை உங்களுடையது, அதற்குச் சோம்பல் என்றால் வாடகைக்கு எடுத்துப் போய்வருவது மேல்.

இப்போதெல்லாம் யாராவது தூரத்தில் உள்ள வண்டியைப் பார்க்கக் கூப்பிட்டால் நான் உடனே கிளம்புவதில்லை. டயரின் அந்த நான்கு எண்கள், கூரையின் நாலு மூலை, டிரைவர் தலைக்கு மேலே உள்ள படுக்கையின் மெத்தையைத் தூக்கி எடுத்த மூலை, இவற்றைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்பேன். பலர் முதல் இரண்டையும் அனுப்புவார்கள். மூன்றாவது வந்த பிறகுதான் வண்டிச் சாவியை எடுப்பேன்.