தப்பைக் காய்ச்சுவதுபோல் கையையும் காய்ச்ச வேண்டும்

அறுபது வயதில் முதன்முறையாகத் தப்பு என்னும் தோல்பறையைத் தோளில் மாட்டிக்கொள்பவருக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒரு சிக்கல் வரும். வலக்கையில் உள்ள தடித்த குட்டைக் குச்சி சீராக விழும். இடக்கையில் உள்ள மெல்லிய மூங்கில் குச்சியை அந்த அடிகளுக்கு இடையில் போடச் சொன்னால், இரண்டு மூன்று தடவை சரியாகப் போடுவார். நாலாவது தடவை அது வலக்கையோடு சேர்ந்து விழும். வேகத்தைக் கூட்டினால் முழுவதும் சேர்ந்தே விழும். "வயது போயிட்டுது, கை சொன்னபடி கேட்கல" என்று குச்சியைக் கீழே வைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வைக்கிறார்கள்.

உண்மையில் கை நன்றாகவே கேட்கிறது. ஒரு கை மற்றக் கையின் பேச்சையும் சேர்த்துக் கேட்கிறது என்பதுதான் சிக்கல். இருபது வயதுக்காரருக்கும் இது உண்டு. அவருக்குக் கொஞ்சம் கூடிய வேகத்தில் வரும், அவ்வளவுதான்.

மேசையில் இரண்டு உள்ளங்கைகளையும் கவிழ்த்து வைத்துச் சுட்டுவிரல்களை மட்டும் அசைத்துப் பாருங்கள். இரண்டு விரலும் ஒரே நேரத்தில் வலப்பக்கம், பிறகு ஒரே நேரத்தில் இடப்பக்கம். மெதுவாக இருக்கும்வரை எளிது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஏறக்குறைய வினாடிக்கு இரண்டு தடவை என்ற அளவு வரும்போது, கேட்காமலேயே விரல்கள் வேறு அசைவுக்குத் தாவிவிடும்: இரண்டும் சேர்ந்து உள்ளே, இரண்டும் சேர்ந்து வெளியே, கண்ணாடியில் பார்ப்பதுபோல. உள்ளே வெளியே அசைவில் தொடங்கினால் எவ்வளவு வேகம் போனாலும் மற்றதற்குத் தாவாது. அமெரிக்காவில் ஆய்வாளர் ஸ்கொட் கெல்சோ 1980களின் தொடக்கத்தில் இதைத்தான் அளந்து காட்டினார். 1985இல் ஜெர்மன் பௌதிகவியலாளர் ஹெர்மன் ஹாக்கனும் புன்ஸும் அவரோடு சேர்ந்து இந்தத் தாவலுக்குச் சமன்பாடு எழுதினார்கள். இரண்டு கைகளுக்கு இயல்பாக உறுதியான நிலைகள் இரண்டே: சேர்ந்து (இரண்டு விரலும் ஒன்றாக உள்ளே, ஒன்றாக வெளியே போனதுபோல), மாறி மாறி (ஒரே பக்கம் அசைந்தபோது ஒரு விரல் உள்ளே போக மற்றது வெளியே போனதுபோல). சேர்ந்து அடிப்பது எந்த வேகத்திலும் நிற்கும். மாறி மாறி அடிப்பது வேகம் கூடினால் உடையும். இவை தவிர்ந்த எல்லாமே பழகித்தான் வர வேண்டும்.

வயது இதில் என்ன செய்கிறது? வலக்கையை இயக்கும் கட்டளை மூளையின் இடப்பாதியிலிருந்து வருகிறது. அதே நேரத்தில் மறுபாதி சும்மா இருக்கும்படி அடக்கப்பட வேண்டும். இரண்டு பாதிகளையும் இணைக்கும் தடித்த நரம்புப் பாலத்தில் சுமார் 20 கோடி இழைகள் உண்டு. அந்த அடக்கும் செய்திகளில் பெரும்பங்கு அதன் வழியாகவே போகிறது. வயதோடு இந்த அடக்கம் தளர்கிறது. ஒரு கைக்குப் போட்ட கட்டளை மற்றக் கைக்கும் கொஞ்சம் கசிகிறது.

அந்தப் பாலம் அறுவைச் சிகிச்சையில் வெட்டப்பட்டவர்களை வைத்து 1996இல் வெளியான ஓர் ஆய்வு, தாளம் பழகுபவருக்கு மிகவும் பயன்படும். இரண்டு கைகளாலும் இரண்டு வேறு வடிவங்களை ஒரே நேரத்தில் வரைவது நமக்குப் பெரும்பாடு. அவர்கள் அதை எளிதாகச் செய்தார்கள். ஆனால் கைகள் தொடங்கும் நேரமும் முடிக்கும் நேரமும் அவர்களுக்கும் பிணைந்தே இருந்தன. வடிவத்தைப் பிரிக்கலாம், காலத்தைப் பிரிப்பது அவ்வளவு எளிதல்ல. ஆகவே "வலக்கை ஒரு கணக்கு, இடக்கை ஒரு கணக்கு, இரண்டையும் தனித்தனியாகக் கவனி" என்று பழக்குவது மூளையின் போக்குக்கு எதிராகத் தள்ளுவது. இரண்டு கையின் அடிகளையும் ஒரே சொல்லாகக் கட்டி, அந்தச் சொல்லின் எழுத்துகளைக் கைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பதே சரியான வழி என்பது எங்கள் உறுதியான கருத்து.

வலக்கை மூன்று அடி, அதே நேரத்துக்குள் இடக்கை இரண்டு அடி என்பதை எடுத்துக்கொள்வோம். புதியவரைத் திணறடிக்கும் கணக்கு இது. மொத்தம் ஆறு மாத்திரை. வலக்கை 1, 3, 5இல் விழும். இடக்கை 1, 4இல் விழும். எண்ணிக்கொண்டு அடித்தால் ஒரு மாதமானாலும் பிடிபடாது. தமிழில் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை. சொல்லின் நடுவில் வரும் ஐகாரம் குறுகி ஒரு மாத்திரையாகும். இப்போது "தேயிலையே" என்று சொல்லிப் பாருங்கள். தே இரண்டு, யி ஒன்று, லை ஒன்று, யே இரண்டு. ஆறு மாத்திரை முடிந்தது. "தே" விழும்போது இரண்டு கையும், "யி"க்கு வலக்கை, "லை"க்கு இடக்கை, "யே"க்கு வலக்கை. மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கு முழுவதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

முதல் நாள் தப்பே வேண்டாம். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாதம் இரண்டும் தரையில் படியட்டும். கைத்தொலைபேசியில் சீரான இடைவெளியில் தட்டொலி தரும் மெட்ரனோம் செயலியை நிமிடத்துக்கு 60 என்று வையுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் வலக்கை தொடையில் விழ வேண்டும். அதாவது ஒரு "தேயிலையே" மூன்று வினாடி. முதலில் வாயால் மட்டும் இருபது தடவை. பிறகு வாயோடு வலக்கை மட்டும். பிறகு வாயோடு இடக்கை மட்டும். இதை யாரும் தாண்டிப் போகக் கூடாது, ஏனெனில் வலக்கை ஓயும்போதுதான் "லை" எந்த இடத்தில் விழுகிறது என்று இடக்கைக்குப் புரியும். அதன்பின் இரண்டும்.

பிழை பெரும்பாலும் இரண்டு விதமாக வரும். இடக்கை "யே"யோடு சேர்ந்து விழுவது ஒன்று; மேலே சொன்ன கசிவுதான் காரணம். அப்போது முழுச் சொல்லையும் திரும்பத் திரும்ப அடித்துப் பயனில்லை. "யிலையே" என்ற வாலை மட்டும் வெட்டியெடுத்து, வலம் இடம் வலம் என்று பத்துத் தடவை அடித்துவிட்டு, பிறகு "தே"யை முன்னால் ஒட்ட வேண்டும். மற்றப் பிழை காதுக்கு அழகாகவே இருக்கும், அதனால் பிடிபடாது: நான்கு அடிகளும் சம இடைவெளியில் விழத் தொடங்கும். 2, 1, 1, 2 என்பது மெல்ல மெல்ல எல்லாம் ஒன்றே என்று ஆகிவிடும். மனம் சம இடைவெளியைத்தான் விரும்பும். இதற்கு மருந்து கையில் இல்லை, வாயில் இருக்கிறது. "தேஏ", "யேஏ" என்று நெடிலை நன்றாக இழுத்துச் சொன்னால் கை தானாக அந்த இடைவெளிக்குப் போகும்.

தடுமாறுகிறதே என்று மெட்ரனோமை 30க்கு இறக்கிவிடாதீர்கள். இரண்டு அடிக்கு இடையில் ஏறக்குறைய 2 வினாடிக்கு மேல் போனால் மனிதக் காதுக்கு அது தாளமாகவே படாது. அடுத்த தட்டை முன்னுணர முடியாமல், கேட்ட பிறகு அடிக்கத் தொடங்குவோம். மெதுவாக்க வேண்டுமானால் தட்டுகளுக்கு நடுவே வாயால் "த க" என்று நிரப்பிக்கொண்டு மெதுவாக்குங்கள். அதேபோல, உங்கள் கை மெட்ரனோமுக்குச் சற்று முன்னால் விழுவதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களின் கை வினாடியில் நூறில் இரண்டு முதல் ஐந்து பங்கு முந்தித்தான் விழும். பழகப் பழக அது குறையும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் என்பதைவிட, காலை பத்து நிமிடம் மாலை பத்து நிமிடம் என்று நாள்தோறும் பழகுவது வயதானவருக்குப் பல மடங்கு நல்லது. பழகும் நேரத்தில் கிடைக்கும் முன்னேற்றத்தில் வயது பெரிதாகக் கை வைப்பதில்லை. இரவுத் தூக்கத்தில் அந்தப் பழக்கம் இறுகுவதுதான் இளையவர்களை விடக் குறைகிறது. மாலையில் கைவந்தது காலையில் பாதி போனதுபோல் இருந்தால் காரணம் இதுதான். அந்தக் காலைப் பத்து நிமிடமே தூக்கம் விட்ட வேலையைச் செய்து முடிக்கிறது. மூன்று தடவை தொடர்ந்து பிழையில்லாமல் வந்த பிறகே மெட்ரனோமில் 4 கூட்டுங்கள்.

இலங்கை மலையகத்தில் இந்த வயதில் தொடங்குபவர்களிடம் ஒரு சேமிப்பு இருக்கிறது. தோட்டங்களில் தப்படிப்பது நீண்ட காலம் ஒரு சாரார்மீது சுமத்தப்பட்ட வேலையாக இருந்தது. விடிகாலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு) கூப்பிட, கோயில் திருவிழாவுக்கு, சாவு வீட்டுக்கு, மாசி மாதக் காமன் கூத்துக்கு என்று அவர்கள் அடித்தார்கள், மற்றவர்கள் கேட்டார்கள். பெண்களின் கையில் குச்சி கொடுக்கப்படவே இல்லை. அந்த ஒதுக்கல் அநியாயம். அதன் விளைவாக, கையில் ஒன்றும் ஏறாமல் காதில் மட்டும் ஐம்பது அறுபது ஆண்டுத் தாளம் ஏறிய ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. தாளத்தைச் சும்மா கேட்கும்போதே, அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகளும் வேலை செய்கின்றன என்பதை மூளைப் படப்பிடிப்பு காட்டியிருக்கிறது. எனவே இவர்களுக்கு எந்த அடி எங்கே வர வேண்டும் என்று புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தவறு விழுந்தவுடன் முகம் சுளிப்பார்கள்; அந்தச் சுளிப்புத்தான் முதல் தேர்ச்சி.

கொழுந்து பறித்த கை தப்புக்கு எளிதில் பழகுமா என்ற கேள்வி அடிக்கடி வரும். இரண்டு கையும் தனித்தனியே கொழுந்தைத் தேடி ஒடிப்பது பெரிய திறமைதான். ஆனால் அங்கே கையை நடத்துவது கண். ஒரு கை முந்தினாலும் பிந்தினாலும் ஒன்றும் கெடாது. தாளத்தில் நடத்துவது காலம். ஆகவே அந்தத் திறமை அப்படியே இங்கு இடம்மாறாது. மணிக்கட்டின் தளர்வும் விரலின் சுறுசுறுப்பும் உதவும்.

இனித் தப்புக்கு வருவோம். ஒரு அடிக்குச் சற்றுக் கூடிய விட்டமுள்ள மரவளையம், ஒரு பக்கம் மட்டும் தோல். நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மாசியில் விடியற்காலைக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கும் நாட்களும் உண்டு. தோலின் இழைகள் மூடுபனியின் ஈரத்தை உறிஞ்சி நீள்கின்றன, தோல் தொய்கிறது. தொய்ந்த தோலில் குச்சி துள்ளாது. துள்ளாத குச்சியை ஒவ்வொரு அடிக்கும் கையாலேயே தூக்க வேண்டும். புதியவர் ஒலி வரவில்லையே என்று ஓங்கி அடிப்பார். மணிக்கட்டு வலியில் முடியும். அதற்குத்தான் காய்ச்சுவது. வைக்கோலையோ காய்ந்த சருகையோ கொளுத்தி, சுடர் தோலைத் தொடாத உயரத்தில் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இடையிடையே விரலால் தட்டிப் பார்த்து, ஒலி கூர்மையானதும் எடுத்துவிட வேண்டும். ஒரே இடத்தில் காட்டினால் அந்த இடம் மட்டும் சுருங்கித் தோல் கிழியும். விளிம்பில் பசை விட்டுப்போகவும் கூடும். நாள்தோறும் பழகுவதற்குச் செயற்கைத் தோல் போட்ட தப்பு கிடைத்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் அதை ஒன்றும் செய்யாது.

கைக்கும் இதே காய்ச்சல் வேண்டும். நரம்பில் செய்தி வினாடிக்கு 50 முதல் 60 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த இடத்தின் வெப்பம் ஒரு பாகை குறைந்தால் வேகம் ஏறக்குறைய 2 மீட்டர் குறையும். அதைவிடப் பெரிய தடை தசையில் இருக்கிறது: குளிர்ந்த தசை சுருங்குவதற்கும் நேரம் எடுக்கும், தளர்வதற்கும் நேரம் எடுக்கும். முதல் அடிக்குச் சுருங்கியது தளருமுன் அடுத்த அடி வந்துவிட்டால் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் அடிக்கத் தொடங்குமுன் ஐந்து முதல் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் முழங்கைவரை வைத்திருந்து, நன்றாகத் துடைத்துவிட்டுக் குச்சியை எடுங்கள்.

வயதோடு விரல்நுனித் தோல் வழவழப்பாகிறது, உணர்ச்சியும் மங்குகிறது. குச்சி நழுவிவிடும் என்று மூளை கணக்குப் போட்டுத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்க வைக்கிறது. இறுக்கிய பிடி துள்ளலைக் கொன்றுவிடும். தடித்த குச்சியில் பிடிக்கும் இடத்தில் பழைய பருத்தித் துணியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி நூலால் கட்டுங்கள். பிடி பருமனாகும்போது தானாகவே தளர்ந்து பிடிப்பீர்கள். சரியான பிடி என்றால், தோலின்மேல் குச்சியைச் சும்மா விழவிட்டால் நாலைந்து தடவை தானாகத் துள்ள வேண்டும். ஒரே தடவையில் நின்றால் பிடி இறுக்கம். காதுக்கு அருகில் தப்பின் ஒலி 85 டெசிபெலை எளிதில் தாண்டும். காதடைப்பான் போடுங்கள், வெறும் பஞ்சு போதாது.

உட்கார்ந்து கைவந்த அடி, எழுந்து நின்றவுடன் குலையும். உடல் சமநிலையும் கவனத்தில் ஒரு பங்கைக் கேட்பதுதான் காரணம். வயதானவரிடம் அது கூடுதலாகவே கேட்கும். ஒரு வாரம் நின்ற இடத்திலேயே அடித்து, பிறகு எடையை வலக்காலிலிருந்து இடக்காலுக்கு மாற்றிப் பழகி, அதன் பிறகே நடக்கத் தொடங்குங்கள். சரிவில் வேண்டாம். கோயில் வாசல், பள்ளிக்கூட மைதானம் என்று சமதளமாகப் பாருங்கள்.

கடைசியில் குழுவோடு சேரும்போது மலை ஒரு தொல்லை கொடுக்கும். குளிர் காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. முன்னால் அடிப்பவர் பத்து மீட்டர் தள்ளி நின்றால் அவருடைய அடி உங்கள் காதுக்கு வினாடியில் நூறில் மூன்று பங்கு பிந்தி வரும். எதிர்மலை 170 மீட்டர் தூரத்தில் இருந்தால் அதன் எதிரொலி சரியாக ஒரு வினாடி கழித்து வரும். நிமிடத்துக்கு 60 என்ற நடையில் அது அடுத்த அடியின் மேலேயே வந்து உட்காரும். நடை சற்று மாறினால் இரண்டுக்கும் நடுவில் விழுந்து கையை இழுக்கும். பழகியவர்கள் அதைக் கேட்டும் கேட்காததுபோல் போய்விடுவார்கள். புதியவர் தலைமை அடிகாரருக்கு இரண்டு முழ தூரத்துக்குள், அவருடைய வலக்கை தெரியும் பக்கமாக நிற்க வேண்டும். எதிர்மலையின் அடியை விட்டுவிட்டு, அவருடைய குச்சி மேலே போய்த் திரும்பும் அந்த நொடியைப் பார்த்து உங்கள் குச்சியை இறக்குங்கள்.