தொற்று பரவும்போது யார் உத்தரவு செல்லும்?

தொற்று பரவத் தொடங்கியதும் மக்கள் கேட்பது "மருந்து இருக்கா, பெட் இருக்கா" என்று. ஆட்சியர் அலுவலகத்தில் அதற்கு முன்பே வேறொரு கேள்வி எழும்: எந்தச் சட்டத்தின் கீழ் உத்தரவு போடுவது?

மாநிலத்துக்கும் ஒன்றியத்துக்கும் அதிகாரங்களைப் பிரித்துத் தருவது அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை. அதில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் 6ஆவது பதிவு. தொற்றுநோய் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமல் தடுப்பது இருவருக்கும் உரிய பொதுப் பட்டியலில் 29ஆவது. மாநிலங்களுக்கு இடையிலான தனிமைப்படுத்தல் ஒன்றியப் பட்டியலில் 81ஆவது. அதாவது மருத்துவமனை வார்டு மாநிலத்தின் பொறுப்பு, எல்லையைக் கடக்கும் நோயாளி விஷயத்தில் ஒன்றியத்துக்கும் அதிகாரம் உண்டு. 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டமும் மாநிலங்களுக்கே பெரும்பங்கு அதிகாரம் தந்தது. ஒன்றியத்துக்கு அதில் கப்பல்களையும் துறைமுகங்களையும் தாண்டி அதிகம் இல்லை. பேருந்து, ரயில், விமானம் எல்லாம் 2020இல் வந்த திருத்தத்தில்தான் சேர்ந்தன.

அதனால்தான் 2020 மார்ச் 24 அன்று பிறப்பித்த நாடு தழுவிய ஊரடங்குக்கு ஒன்றிய அரசு 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை எடுத்தது. புயலையும் நிலநடுக்கத்தையும் மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அது. அதன்படி உள்துறைச் செயலரின் உத்தரவு மாநிலங்களையும் கட்டுப்படுத்தும். உத்தரவு போட அது போதும். ஆள், ஆம்புலன்ஸ், படுக்கை ஆகியவற்றுக்கு மாநிலமும் மாவட்டமும்தான் ஓட வேண்டும்.

இந்த இடைவெளி எங்கே வலிக்கும் என்பதற்கு, கேரளத்தின் காசர்கோட்டுக்கும் கர்நாடகத்தின் மங்களூருக்கும் இடையில் உள்ள எல்லை ஊரான தலப்பாடி ஒரு பாடம். காசர்கோட்டு மக்கள் பெரிய சிகிச்சை என்றால் காலங்காலமாக மங்களூருக்குத்தான் போவார்கள், அதுதான் பக்கம். 2020 மார்ச் கடைசியில் கர்நாடகம் எல்லைச் சாலைகளில் மண்ணைக் கொட்டி மூடியது. டயாலிசிஸுக்கும் பிரசவத்துக்கும் போகிறவர்கள் நடுவழியில் நின்றார்கள். ஏப்ரல் 1 அன்று கேரள உயர் நீதிமன்றம் தடையை நீக்கச் சொன்னது. ஆனால் அந்த உத்தரவு கர்நாடகத்துக்கு அல்ல, ஒன்றிய அரசுக்கு. இன்னொரு மாநிலத்துக்கு நேரடியாகக் கட்டளையிட அந்த நீதிமன்றம் விரும்பவில்லை. தேசிய நெடுஞ்சாலை ஒன்றியத்தின் பொறுப்பு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கொரோனா அல்லாத அவசர நோயாளிகளை அனுமதிப்பதற்கான நடைமுறை ஏப்ரல் 7 அன்றுதான் உறுதியானது. ஒரு பக்கத் தாளில் எழுதி முடித்திருக்கக்கூடிய உடன்பாடு அது.

ஆக்சிஜன் கதை இன்னும் கடுமை. கணக்கைப் பாருங்கள். மாஸ்க் வழியாக நிமிடத்துக்கு 10 லிட்டர் வாங்கும் 50 நோயாளிகளுக்கு ஒரு நாளில் 7,20,000 லிட்டர் வாயு வேண்டும். திரவமாகச் சொன்னால் சுமார் ஒரு டன். ஜம்போ சிலிண்டரில் சொன்னால் நூற்றுக்கு மேல், ஏனென்றால் ஒன்றில் கிட்டத்தட்ட 7,000 லிட்டர்தான். மூக்கு வழியாக நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை செலுத்தும் ஹை ஃப்ளோ கருவிக்கு ஒரு ஜம்போ இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.

2021 ஏப்ரலில் உற்பத்தி பெருமளவு ஜார்க்கண்ட், ஒடிசா எஃகு ஆலைகளில், தேவை டெல்லியில். நடுவே போதுமான கிரையோஜெனிக் டேங்கர்கள், அதாவது திரவ ஆக்சிஜனைக் கடுங்குளிரில் வைத்து ஏற்றிச்செல்லும் டேங்கர்கள், இல்லை. நைட்ரஜன், ஆர்கான் டேங்கர்களை மாற்றி ஓட்டினார்கள். திரவ ஆக்சிஜனோடு டேங்கரை விமானத்தில் ஏற்ற முடியாது என்பதால் காலி டேங்கர்களை விமானப்படை தூக்கிச் சென்றது. நிரம்பியவை ரயிலில் திரும்பின. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று ஒன்றியம் ஒதுக்கியது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலிருந்து ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் திருப்பியதைத் தமிழ்நாடு எதிர்த்துக் கடிதம் எழுதியது; நாளொன்றுக்கு 220 டன்னாக இருந்த ஒதுக்கீடு மே மாதத்தில் 419 டன் ஆனது. மையத்திலிருந்து பங்கிடுவது தவறு என்று சொல்லமாட்டோம். இல்லாவிட்டால் ஆலை இருக்கும் மாநிலம் கதவைச் சாத்திக்கொள்ளும். பிழை வேறிடத்தில்: ஒதுக்கீடு டன்னில் வந்தது, டேங்கர் எத்தனை மணிக்கு வரும் என்பது வரவில்லை. மே மாதம் உச்ச நீதிமன்றம் 12 பேர் கொண்ட தேசியப் பணிக்குழுவை அமைக்கும் நிலை வந்தது.

தடுப்பூசி வாங்குவதை மாநிலங்களுக்கும் பிரித்துக்கொடுத்த முயற்சி ஏழு வாரம்தான் நீடித்தது. 2021 மே 1இலிருந்து உற்பத்தியில் பாதி ஒன்றியத்துக்கு, மீதி மாநிலங்களுக்கும் தனியாருக்கும். அப்போது ஒரு டோஸ் கோவிஷீல்டு ஒன்றியத்துக்கு 150 ரூபாய், மாநிலத்துக்கு 300. உலகளாவிய டெண்டர் விட்ட மாநிலங்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே. பல உற்பத்தியாளர்கள் ஒன்றிய அரசுடன் மட்டுமே பேசுவோம் என்றார்கள். ஜூன் 21 முதல் 75 விழுக்காட்டை ஒன்றியமே வாங்கி மாநிலங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. பேரம் பேச ஒரு கை, ஊசி போட ஆயிரம் கை என்பதே சரியான பிரிப்பு.

எல்லையோர மாவட்டங்கள் இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. பக்கத்து மாநில மாவட்டத்தின் கண்காணிப்பு அலுவலர் எண் இரு பக்கமும் இருக்கட்டும். வாரம் ஒருமுறை காய்ச்சல் எண்ணிக்கை கைமாறட்டும். கிராம சுகாதாரச் செவிலியரின் எஸ் படிவம், மருத்துவரின் பி படிவம், ஆய்வகத்தின் எல் படிவம் என நோய்க் கண்காணிப்புக்கான மூன்றும் இணையத் தளத்தில் ஏறினாலும், அடுத்த மாநிலத்தில் இருப்பவர் அதைத் தானாகத் தேடிப் பார்ப்பார் என்று நம்பியிருக்க வேண்டாம். எல்லை மூடினால் எந்தெந்த நோயாளிக்கு விலக்கு, யார் கையெழுத்து, எந்தச் சோதனைச்சாவடி என்ற தாளை இரு மொழியிலும் அச்சிட்டு ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் கொடுத்துவைப்பது நல்லது. இரவு இரண்டு மணிக்குத் தடுப்பில் நிற்கும் காவலரிடம் ஏழாவது அட்டவணையைப் பேச முடியாது.