ட்ரையாஜ்: கீரை ஆய்கிற கை, காயம் ஆய்கிற கை

அரசு ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பிரித்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டியவர், மஞ்சள் சற்றுப் பொறுக்கலாம், பச்சை காத்திருக்கலாம். யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கிற இந்த வேலையின் பெயர்தான் வாசலிலேயே எழுதியிருக்கும்: ‘ட்ரையாஜ்’. மூன்று நிறம் இருப்பதால் ‘ட்ரை’ என்றால் மூன்று என்று பலரும் நினைக்கிறார்கள். ட்ரைசைக்கிள் மாதிரி. அப்படி இல்லை.

புதுச்சேரியில் சொல்தா (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்) வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அந்தப் பலகையைக் காட்டினால் ‘த்ரியாஜ்’ என்றுதான் படிப்பார். பிரெஞ்சில் ‘த்ரியே’ என்றால் பொறுக்கிப் பிரிப்பது. பருப்பில் கல் பொறுக்குவதற்கும் அந்த வினைதான். ஆங்கிலத்துக்குள் முதலில் போனபோது கம்பளி மயிரைத் தரம் பிரிக்கும் வியாபாரிகளின் சொல்லாக இருந்தது. காப்பி வியாபாரத்தில் பொறுக்கித் தள்ளிய உடைசல் கொட்டைக்கும் அதே பெயர்.

காயம்பட்டவர்களைப் பிரித்துப் பார்க்கும் வேலையைச் சொன்னால் நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் தொமினிக் ஜான் லாரே பெயர் வந்துவிடும். சண்டை ஓய்ந்த பிறகே அடிபட்டவர்களை அள்ளிப்போகும் வழக்கத்தை மாற்றி, 1792இல் இலகுவான குதிரை வண்டிகளைக் களத்துக்குள்ளேயே ஓட்டியவர். ‘பறக்கும் ஆம்புலன்ஸ்’ என்று அதற்குப் பெயர். பதவி பார்க்காதே, உயிர் ஊசலாடுகிறவனை முதலில் பார் என்பது அவர் வைத்த விதி. ஆனால் ‘த்ரியாஜ்’ மருத்துவச் சொல்லாக நிலைத்தது முதல் உலகப் போரில்தான்.

இன்று ரோட்டில் அது எப்படி நடக்கிறது? கடலூர் - புதுச்சேரி சாலையில், கிருமாம்பாக்கம் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ கவிழ்ந்தது என்று வையுங்கள். மீன் கூடையோடு வந்த அம்மா ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். கூட்டம் மொத்தமும் அவரிடம் ஓடுகிறது. புளியமரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பையன் சத்தமே போடவில்லை. அவன் பக்கம் ஒருவரும் போகவில்லை.

108இல் வருகிற டெக்னீசியன் முதலில் குரல் கொடுப்பார்: “நடக்க முடிஞ்சவங்கல்லாம் இந்தப் பக்கம் வாங்க.” வந்தவர்கள் பச்சை, நெற்றியில் ரத்தம் வழிந்தாலும் சரி. கத்துகிற அம்மாவுக்கு மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கத்தலே சாட்சி. பிறகு பையன். அவன் மூச்சை எண்ணுகிறார். நிமிடத்துக்கு 30க்கு மேல் போனால் சிவப்பு. அதற்குள் இருந்தால் நகத்தை அழுத்தி விடுவார். வெளுத்த நகம் சிவக்க 2 விநாடிக்கு மேல் ஆனாலும் சிவப்பு. “என் கையை அழுத்து தம்பி, இப்ப விடு” என்று சொல்லி, அவனால் முடியாவிட்டாலும் சிவப்பு. மூன்றிலும் தேறி, ஆனால் நடக்க முடியாதவர் மஞ்சள். மூச்சில்லாதவருக்கு மூச்சுப்பாதையைத் திறந்து பார்த்தும் மூச்சு வராவிட்டால் கறுப்பு, அதாவது இனி பிழைக்க வழியில்லை. ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டிய வேலை. இடையில் செய்கிற வைத்தியம் மூச்சுப்பாதையைத் திறப்பதும் பீறிடும் ரத்தத்தை அடக்குவதும்தான். 1983இல் கலிபோர்னியாவில் வகுத்த முறை இது.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘வகைப்படுத்தல்’ என்கிறார்கள். நூலகத்தில் புத்தகத்துக்குச் செய்வதும் அதுதான். அவசரம் அதில் இல்லை. ‘தரம் பிரித்தல்’ எனக்கு ஒப்பவே ஒப்பாது. வாழைத்தாருக்குத் தரம் உண்டு, அடிபட்டவனுக்கு ஏது தரம்? லாரே ஒழிக்க நினைத்ததே அதைத்தானே. ‘முன்னுரிமைப்படுத்தல்’ பொருளில் சரிதான், ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆம்புலன்ஸ் கிளம்பிவிடும்.

நம் கைவசம் ஒரு சொல் இருக்கிறது: ஆய்தல். கீரை ஆய்கிறோம். பழுத்ததை, பூச்சி அரித்ததைத் தள்ளி நல்லதை எடுக்கிறோம். மார்க்கெட்டில் மீன் வாங்கினால் பக்கத்திலேயே அரிவாள்மணையோடு உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் “ஆய்ஞ்சு குடுங்க” என்கிறோம். சங்கப் பாட்டில் பூவையும் ஆய்வார்கள், தேர்ந்து கொய்வதற்கு. இந்தப் பொறுக்குகிற வினைதான் வளர்ந்து, ஆராய்கிற ‘ஆய்வு’ ஆனது. பிரெஞ்சுச் சொல்லும் இதே வழியில்தான் நடந்திருக்கிறது: பொறுக்குகிற அந்த ‘த்ரியே’தான் ஆங்கிலத்தில் ‘ட்ரை’ என்ற வினையாகி, கோர்ட்டில் விசாரிக்கிற ‘ட்ரையல்’ வரை போனது. இரண்டு மொழியும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே தடத்தில் போனதில் எனக்கு ஒரு குஷி.

வெறும் ‘ஆய்’ என்று பலகையில் எழுத முடியாது. குழந்தைகள் சிரிப்பார்கள், பெரியவர்கள் அதைவிடச் சிரிப்பார்கள். ‘ஆய்வு’ என்று மட்டும் போட்டால் பிஎச்.டி. ஞாபகம் வரும். யாரை முந்திப் பார்ப்பது என்று ஆய்வதால் ‘முந்தாய்வு’ என்பது என் தேர்வு. ‘முன்னாய்வு’ என்று தப்பாகப் படிக்கும் ஆபத்து இருக்கிறது, தெரிந்தேதான் சொல்கிறேன். முந்தாய்வு அறை, முந்தாய்வுச் செவிலியர், முந்தாய்வில் சிவப்பு என்று சேர்த்துப் பார்த்தால் இடறவில்லை.

பேச்சில் வினையாகவும் நிற்கும். பச்சை என்று உட்காரவைத்த ஆள், வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் சற்று நேரத்தில் சிவப்பாகிவிடுவார். அதனால் ஒரு தடவையோடு விடக்கூடாது, மறுபடி மறுபடி பார்க்க வேண்டும். கடலூரிலிருந்து ஜிப்மருக்கு ஏற்றும் முன் “எல்லாரையும் இன்னொரு வாட்டி ஆய்ஞ்சு பாத்துடுங்க” என்றால் மீன் மார்க்கெட் அக்காவுக்கும் புரியும்.