முதல் மாதம் மீன் வேண்டாம்: புதிதாக மீன்தொட்டி வைப்போர் கவனத்துக்கு

சேலத்தில் வீடுகளிலும் அலுவலகங்களிலும் நன்னீர் மீன்தொட்டிகளை அமைத்துப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். பதறிப்போய் என்னை அழைப்பவர்களில் பெரும்பாலோர் தொட்டி வாங்கி ஒன்றிரண்டு வாரமே ஆனவர்கள். தொட்டி, கல், மோட்டார், மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி வந்தோம், அன்று மாலையே மீனை விட்டோம், நான்கைந்து நாள் நன்றாகத்தான் இருந்தன, பிறகு ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கின, தண்ணீர் கொஞ்சமும் கலங்கவில்லை, மருந்து ஊற்றியும் பலனில்லை என்பார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், குடும்பத்துக்கு வரவிருந்த கெடுதலை மீன் வாங்கிக்கொண்டது என்று ஆறுதல் சொல்லி, வேறு மீன் வாங்கிவர அனுப்பியும் இருப்பார்கள். அந்த நம்பிக்கையைக் குறைசொல்வது என் நோக்கமன்று. ஆனால் அதைச் சொல்லிச் சாவின் காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுவதால், அடுத்து வரும் மீன்களும் அதே தண்ணீரில் அதே வேதனையோடு சாகின்றன.

காரணம் அம்மோனியா. மீன் தன் உடற்கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாகவே வெளியேற்றுகிறது. தின்னாமல் அடியில் தங்கும் தீனியும் அழுகி அதையே தருகிறது. அதற்கு நிறமில்லை, தொட்டியில் சேரும் அளவுக்கு மணமும் தெரியாது. நாள்பட்ட தொட்டியில் ஒருவகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான், அது இரத்தத்தில் புகுந்து, பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் கெடுத்து, செவுளைப் பழுப்பு நிறமாக்கிவிடும். கடைசியில் வரும் நைட்ரேட் ஓரளவு வரை தீங்கில்லாதது, வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். புதுத் தொட்டியில் இந்த இரண்டு வகை பாக்டீரியாவும் இல்லை. மற்ற பாக்டீரியாக்களைப்போல மணிக்கணக்கில் அவை பெருகுவதும் இல்லை. வடிகட்டியின் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு போதிய அளவுக்குப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இதைத்தான் மீன் வளர்ப்போர் டேங்க் சைக்கிள் ஆவது என்கிறார்கள். புது மண்சட்டியைப் பழக்கிய பிறகே குழம்பு வைப்பதைப்போல, தொட்டியைப் பழக்கிய பிறகே மீன் விட வேண்டும்.

நம் ஊர்த் தண்ணீரில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். சேலத்தில் பல வீடுகளின் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். கடினத்தன்மை மிகுந்தது, அமில-கார நிலையைக் காட்டும் பிஎச் அளவு 8-ஐ ஒட்டியே நிற்கும். அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று கொடிய நஞ்சு, மற்றது அவ்வளவு கெடுதல் செய்யாதது. தண்ணீர் 28 டிகிரியில் இருக்கும்போது பிஎச் 7 என்றால் நச்சு வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8 ஆனால் அதுவே 6 சதவீதத்தைத் தாண்டிவிடும். பரிசோதனையில் ஒரே அளவு அம்மோனியா காட்டினாலும், ஒரு வீட்டில் மீன் தாக்குப்பிடிப்பதும் இன்னொரு வீட்டில் மறுநாளே மிதப்பதும் இதனால்தான். மாநகராட்சிக் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் இந்த வகையில் மேலானது, ஆனால் அதில் குளோரின் உண்டு. சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் இன்னும் அதிகம். குளோரின் மீனின் செவுளை எரிப்பதோடு, நாம் வளர்க்க நினைக்கும் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். ஒருநாள் முழுவதும் வாயகன்ற பாத்திரத்தில் காற்றுக்கல்லை (காற்றுக் குமிழிகளை வெளிவிடும் கல்) ஓடவிட்டு, அல்லது குளோரின் நீக்கியைச் சொன்ன அளவில் கலந்து, அதன் பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பது, மீனே இல்லாமல் பழக்கும் முறை. வழக்கமான இரண்டடித் தொட்டியில், கல் போக, ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை இரவு பகல் ஓடவிட்டு, பாக்டீரியாவுக்கு உணவாக அம்மோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம், கலக்க வேண்டும். ஈயம் பூசுவதற்காக விற்கப்படும் நவச்சாரத்தில் வேறு கலப்பு இருக்கக்கூடும் என்பதால், ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் தூயதாகக் கேட்டு வாங்குங்கள். 3 கிராமைக் கரைத்து 100 மில்லி கரைசலாக வைத்துக்கொண்டால், அதில் 10 மில்லி இந்தத் தொட்டிக்கு ஒரு வேளைக்குப் போதும். லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் அம்மோனியா வரும். சமையலறைத் தராசு 3 கிராமைச் சரியாகக் காட்டாது. நம் ஊரில்தான் தெருவுக்குத் தெரு வெள்ளிப் பட்டறை இருக்கிறதே, அங்கே நிறுத்துக்கொள்ளலாம். அளவைக் கூட்டினால் சீக்கிரம் முடியும் என்று எண்ண வேண்டாம். அம்மோனியா 5 மில்லிகிராமைத் தாண்டினால் பாக்டீரியாவின் வளர்ச்சியே தடைபடும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை சொட்டு மருந்து வகைப் பரிசோதனைக் கிட்டில் பார்த்து வாருங்கள். சோதனைக் குழாயை வெள்ளைத்தாளின் முன் பிடித்துப் பார்த்தால், அம்மோனியா இல்லாதபோது மஞ்சளாகவும், கூடக்கூடப் பச்சையாகவும் தெரியும். முதல் வாரத்திலோ இரண்டாம் வாரத்திலோ பச்சை வெளிறத் தொடங்கும்போது, பலர் வேலை முடிந்தது என்று மீன் வாங்கப் போய்விடுகிறார்கள். அப்போதுதான் நைட்ரைட் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும். அது இறங்குவதற்கே அதிக நாள் பிடிக்கும். ஒரு வேளைக் கரைசலை ஊற்றி 24 மணி நேரத்துக்குள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால்தான் தொட்டி தயார். பிறகு பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி, சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு, சிறிய மீன்களைச் சிலவாக விடத் தொடங்கலாம். கோல்டு ஃபிஷ் கழிவு அதிகம் தரும் மீன். இரண்டடித் தொட்டி அதற்குப் போதாது.

இத்தனை நாள் காத்திருக்க முடியாதவர்களுக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு. நோயில்லாமல் பல மாதமாக ஓடும் தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சை ஈரம் காயாமல் கொண்டுவந்து புதுத் தொட்டியில் ஓடவிட்டால் காலம் வெகுவாகக் குறையும். பழைய தண்ணீரை மட்டும் கொண்டுவந்து ஊற்றுவதில் பயனில்லை, பாக்டீரியா தங்குவது தண்ணீரில் அன்று. பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவைப் பற்றியும் கேட்கிறார்கள். நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோஸ்பைரா என்ற பாக்டீரியா என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. பேசில்லஸ் என்ற வேறு வகை பாக்டீரியா மட்டும் அடங்கிய பாட்டில் அந்த வேலையைச் செய்யாது. எதை வாங்கினாலும் முடிவைப் பரிசோதனைக் கிட் சொல்லட்டும்.

ஏற்கெனவே மீனை விட்டுவிட்டவர்கள் முதலில் தீனியை நிறுத்த வேண்டும்; இரண்டு மூன்று நாள் பட்டினியால் வளர்ந்த மீன் சாகாது. குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையுள்ள தண்ணீரால் தினமும் கால் பங்கு முதல் பாதி வரை மாற்றுங்கள். நைட்ரைட் தெரிந்தால் 10 லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கல் உப்பைக் கரைத்து ஊற்றலாம். உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் நுழைய விடாது. மீன் மூச்சுத் திணறுவதைக் கண்டதும் மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தை ஊற்றுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அம்மோனியாவுக்கு அது மருந்தன்று. கொஞ்சநஞ்சம் வளர்ந்திருக்கும் பாக்டீரியாவையும் அது அழித்துவிடும்.

ஏற்காட்டில் தொட்டி வைப்பவர்களுக்குச் சிக்கல் வேறு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழி இரவுகளில் தண்ணீர் குளிர்ந்துவிடும்போது பாக்டீரியா மிக மெதுவாகவே பெருகும். ஹீட்டர் வைத்து 27, 28 டிகிரியில் நிறுத்தாவிட்டால் இரண்டு மாதமானாலும் முடியாது. மென்மையான ஊற்றுத் தண்ணீரில் காரத்தன்மை குறைவு. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அதுவும் தீர்ந்து, பிஎச் 6-ஐ நோக்கி இறங்கி, எல்லாம் அப்படியே நின்றுபோகும். 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா கரைத்தால் சரியாகும், ஆனால் மீன் இல்லாதபோது மட்டுமே இதைச் செய்யுங்கள். மீன் இருக்கும்போது பிஎச் சட்டென்று ஏறினால், தேங்கிக் கிடக்கும் அம்மோனியா ஒரே நேரத்தில் நஞ்சாக மாறிவிடும். மீன் விட்ட தொட்டியில் கிளிஞ்சல் ஓடுகளைப் போட்டு மெல்ல மெல்லக் கரையவிடுவதே பாதுகாப்பு.

பழகிய தொட்டியின் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவ வேண்டாம். தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும். மின்தடை நீளும் நாட்களில் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், ஏனென்றால் மீனைப்போலவே அந்த பாக்டீரியாவுக்கும் பிராணவாயு வேண்டும்.