பாலியல் வன்கொடுமை: ஆஸ்பத்திரியில் எடுக்கும் தடயம் ஆய்வகத்துக்குப் போகும் வரை

எஃப்ஐஆர் போட்டால்தான் ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அது தவறு. பாதிக்கப்பட்டவர் நேராக ஆஸ்பத்திரிக்கே போகலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 397-வது பிரிவுப்படி, அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். போலீசுக்குத் தகவல் சொல்வதும் ஆஸ்பத்திரியின் வேலைதான்.

தடயம் எடுக்கத் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதலின்படி, 12 வயது நிரம்பியவர் தானே சம்மதம் தரலாம். "சிகிச்சை மட்டும் போதும், மாதிரி வேண்டாம்" என்று சொன்னாலும் சிகிச்சையை மறுக்கக் கூடாது.

உடலிலிருந்து மாதிரி எடுக்கப் பொதுவாக 96 மணி நேரம் வரைதான் வாய்ப்பு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். குளித்துவிட்டோமே என்று போகாமல் இருந்துவிட வேண்டாம். அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல் எடுத்துப் போங்கள்.

அப்புறம் நடப்பதில்தான் பல வழக்குகள் சறுக்குகின்றன. மாதிரி எடுத்த பஞ்சுக் குச்சியை நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு முத்திரை வைக்க வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் கிருமிகள் பெருகி டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். அதன்பின் எவ்வளவு நல்ல கருவி இருந்தும் பயனில்லை. உறையில் பெயர், தேதி, நேரம், எடுத்தவரின் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவில் ஓர் இடைவெளி விழுந்தால் போதும், எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார்.

தடயவியல் ஆய்வகத்தில் முதலில் விந்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு, கிடைத்த டிஎன்ஏவைச் சந்தேக நபரின் ரத்த மாதிரியோடு ஒப்பிடுவார்கள். 'எதுவும் இல்லை' என்று அறிக்கை வந்தாலும் குற்றம் நடக்கவில்லை என்று பொருளாகாது. ஆணுறை, தாமதம், குளியல் என்று காரணங்கள் பல. பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பத்தக்கதாக இருந்தால் அதை மட்டும் வைத்தே தண்டனை தரலாம்.

பெண்ணுறுப்பில் விரல் விட்டு, அவர் ஏற்கெனவே உடலுறவுக்குப் பழகியவரா என்று பார்க்கும் 'இரு விரல் சோதனை' மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

டாக்டரின் அறிக்கை 7 நாளுக்குள் விசாரணை அதிகாரிக்குப் போக வேண்டும். ஆய்வக அறிக்கை வேறு, அதற்கு நாளாகும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸ் தெரிவித்தாக வேண்டும். மாதிரி ஆய்வகத்துக்குப் போய்விட்டதா, எந்தத் தேதியில் போனது என்பதையும் அப்போது கேளுங்கள்.