சோபா படுக்கையில் பள்ளம் விழுந்தால்: மெத்தையை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

சோபா கம் பெட்டைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர், மெத்தை கெட்டுவிட்டது, புதிதாக ஒன்று போட்டுக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் மெத்தையைத் தூக்கிவிட்டுப் பார்க்கும்போது, உண்மையான பழுது பல நேரங்களில் அதற்கு அடியில், மெத்தையைத் தாங்க வேண்டிய அடுக்கில் இருக்கிறது. ஸ்பிரிங் நீண்டிருக்கும், துணி தளர்ந்திருக்கும், குறுக்குக் கம்பி வளைந்திருக்கும். அந்த நிலையில் எவ்வளவு நல்ல மெத்தையைப் போட்டாலும், அதுவும் சில மாதங்களில் அதே இடத்தில் அமுங்கிவிடுகிறது. இரவு முழுவதும் பள்ளத்தில் உருண்டு படுப்பவரின் முதுகும் இடுப்பும் வலிப்பதோ அப்படியே தொடர்கிறது. ஆகவே பணம் செலவழிக்கும் முன், எந்த அடுக்கு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு நூல், ஓர் அளவுகோல், ஒரு டார்ச் விளக்கு, கொஞ்சம் பொறுமை ஆகியவை போதும்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். இருக்கைக்குள் மடிந்திருக்கும் இரும்புச் சட்டகத்தை வெளியே இழுத்து விரிப்பது ஒரு வகை. இதில் சட்டகத்தின் நான்கு பக்கமும் மாட்டப்பட்ட குட்டி ஸ்பிரிங்குகள், ஒரு கம்பி வலையையோ முரட்டுத் துணியையோ இழுத்துப் பிடித்திருக்கும். அதன்மேல்தான் மெத்தை கிடக்கும். சாய்மானத்தைப் பின்னால் சாய்த்துத் தட்டையாக்குவது மற்றொரு வகை. இதில் தனி மெத்தை கிடையாது. இருக்கையின் ஃபோமும் சாய்மானத்தின் ஃபோமும் சேர்ந்தே படுக்கையாகின்றன, அவற்றுக்கு அடியில் மரச்சட்டத்தில் பாம்புபோல் வளைந்து வளைந்து செல்லும் ஜிக்ஜாக் ஸ்பிரிங்கோ எலாஸ்டிக் பட்டையோ இருக்கும். பலகைச் சட்டங்களின் மேல் மெத்தை விரிக்கும் வகையும் உண்டு. அதில் பழுது கண்ணுக்கு நேராகவே தெரிந்துவிடும் என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

சோதனையைத் தொடங்கும்போது படுக்கையை முழுவதும் விரித்து, விரிப்புகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு நூலை இறுக்கமாகப் பிடித்து, யாரும் படுக்காத நிலையில் நூலுக்கும் மெத்தைக்கும் இடையே இருக்கும் இடைவெளியை நடுவிலும் இரு பக்கங்களிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மெத்தையைத் தூக்கிச் சமமான தரையில் போட்டு, அதே இடங்களில் மறுபடியும் அளக்க வேண்டும். தரையில் போட்ட பிறகும் பள்ளம் மாறாமல் இருந்தால் மெத்தையின் ஃபோம் தளர்ந்துவிட்டது என்று பொருள். தரையில் மெத்தை சமமாகிவிட்டால், பழுது கீழே சட்டகத்தில் இருக்கிறது. ஓர் அங்குலத்துக்கு மேல் தாழ்ந்திருந்தால் நான் அதைக் கவனிக்க வேண்டிய தொய்வாகவே கருதுகிறேன்.

அடுத்து, மெத்தை இல்லாத சட்டகத்தின் குறுக்கேயும் அந்த நூலைப் பிடித்துப் பாருங்கள். வலையின் நடுப்பகுதி மட்டும் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங்குகளையும், கம்பியே நூலை விட்டு விலகி நின்றால் சட்டகத்தையும் சந்தேகிக்கலாம். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால், எல்லாவற்றுக்கும் முன்பாக அந்தப் பக்கத்துக் காலின் அடியில் இருக்கும் ரப்பர் மூடியைப் பாருங்கள். அது கழன்று விழுந்ததால் மட்டுமே சாய்ந்து நிற்கும் படுக்கைகள் உண்டு, மூடியை மாற்றினால் வேலை முடிந்துவிடும்.

இனி ஒவ்வொரு பழுதாகப் பார்ப்போம். ஓரத்துக் குட்டி ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்தால், கழற்றிக் கையில் வைக்கும்போது அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். சுருள்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் அது நீண்டுவிட்டது, மறுபடியும் சுருங்காது. அதைக் கொக்கியை வளைத்துச் சுருக்கி மாட்டுவது பயனற்றது. புதியதை வாங்க மாதிரி கொண்டுபோகும்போது, நடுவில் இருக்கும் நீண்டுபோன ஸ்பிரிங்கைக் கொண்டுபோகாமல், எடை அதிகம் விழாத மூலையிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொண்டுபோங்கள். நீண்டதை மாதிரியாகக் காட்டினால் அதே நீளத்தில்தான் புதியதும் கிடைக்கும், தொய்வும் மாறாது. மேலும், கெட்டவற்றை மட்டும் மாற்றாமல் ஒரு வரிசையையும் அதற்கு நேர் எதிர் வரிசையையும் சேர்த்து மாற்றுவதே சரி. இல்லாவிட்டால் வலை ஒரு பக்கமாக இழுபட்டு, புதிய ஸ்பிரிங்குகளே அதிக எடையை ஏற்க வேண்டிவரும். மாட்டும்போது இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி மாட்டுங்கள். இழுபட்ட ஸ்பிரிங் குறட்டிலிருந்து நழுவினால் முகத்தை நோக்கித் தெறிக்கும் என்பதால், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

குறுக்குக் கம்பி வளைந்திருப்பதற்கு நான் அதிகம் காணும் காரணங்கள் இரண்டு. விரித்த படுக்கையின் கால்மாட்டு விளிம்பில் ஆள் உட்காருவது ஒன்று; தலையணை, போர்வை ஆகியவற்றை உள்ளேயே வைத்து அழுத்தி மடிப்பது மற்றொன்று. உள்ளீடற்ற குழாய்க் கம்பி லேசாக வளைந்திருந்தால் நிமிர்த்தலாம். ஆனால் வளைந்த இடத்தில் மடிப்பு விழுந்து நசுங்கியிருந்தால், நிமிர்த்திய பிறகும் அந்த இடம் பலவீனமாகவே இருக்கும்; அந்தத் துண்டை மாற்றுவது அல்லது மேலே ஒரு குழாய் உறை வைத்து வெல்டிங் செய்வதுதான் வழி. வெல்டிங் என்று முடிவானால், மெத்தை, ஃபோம், துணி அனைத்தையும் அகற்றிச் சட்டகத்தைத் தனியாக வெளியே எடுத்த பிறகே செய்ய வேண்டும். பாலியூரிதேன் ஃபோம் மிக விரைவாகத் தீப்பற்றும். எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளியாகும். ஒரு பொறி போதும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மடிப்பு மூட்டுகளில் கம்பிகளை இணைக்கும் ரிவெட்டு ஆணிகளின் துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால், கம்பிகள் நேராக இருந்தும் படுக்கை ஆடித் தாழும். ரிவெட்டை எடுத்துவிட்டு, வாஷருடன் நைலான் வளையமுள்ள நட்டும் போல்ட்டும் போடலாம். மூட்டு திரும்ப வேண்டியது என்பதால் அதை முழுவதும் இறுக்காமல், ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள்.

சாய்மானம் சாய்க்கும் வகையில் அடிப்பக்கத்தைப் பார்க்க, சோபாவைத் திருப்பிப் போட்டு, அடியை மூடியிருக்கும் தூசித் துணியைப் பிரிக்க வேண்டும். இழுத்து விரிக்கும் வகையைத் திருப்ப நேர்ந்தால், முன்கூட்டியே உள்சட்டகத்தைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். பாதியில் அது தானாக விரிந்து விரல்களை நசுக்கிவிடும். குழந்தைகள் அருகில் இருக்கவே வேண்டாம். ஜிக்ஜாக் ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை, கம்பி முறிவதைவிட அதைப் பிடித்திருக்கும் கிளிப் மரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவதே அதிகம். ஆணி போன பழைய துளையிலேயே மறுபடி ஆணி அடித்தால் நிற்காது. ஓர் அங்குலம் தள்ளிப் புதிய மரத்தில் திருகாணி போட்டுப் பிடிக்க வேண்டும். கீல் கழன்ற இடம் மரத்துகளை ஒட்டிச் செய்த துகள்பலகையாக இருந்தால், நீளமான திருகாணி போட்டுச் சமாளிப்பதைவிட, பின்பக்கம் பிளைவுட் துண்டு வைத்து ஊடுருவும் போல்ட் போடுவது பல ஆண்டுகள் நிற்கும்.

இப்போது பலகை வைக்கும் வழக்கத்துக்கு வருகிறேன். தொய்வு கண்டவுடன் மெத்தைக்கு அடியில் ஒரு பிளைவுட் பலகையைச் செருகிவிடுவது எளிதாக இருக்கிறது, அன்றைய இரவு நன்றாகவும் இருக்கிறது. ஆனால் இழுத்து விரிக்கும் சட்டகத்தில் இதை நிரந்தரமாகச் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. பலகை எடையை விளிம்புக் கம்பிகளின் மேல் ஏற்றுகிறது. சட்டகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அது மேலும் வளையும். மடிப்புகளுக்கு ஏற்பத் துண்டுகளாக வெட்டாமல் வைத்தால் மடக்க முடியாது, வெட்டி வைத்தாலும் உள்ளே இடம் போதாமல் கீல்கள் திணறும். காற்றுத் துளைகள் இல்லாத பலகையின்மேல் மெத்தையின் அடிப்பக்கம் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்கு வந்த முதியவருக்குச் சில நாட்கள் சமாளிக்க வேண்டும் என்றால் வைக்கலாம். அவர் சென்றதும் எடுத்துவிட்டு உண்மையான பழுதைச் சரிசெய்யுங்கள்.

தரைச் சோதனையில் மெத்தைதான் கெட்டிருக்கிறது என்று உறுதியானால், தடிமனை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மடிக்கும் சட்டகங்கள் பொதுவாக 4 அல்லது 5 அங்குல மெத்தைக்காகச் செய்யப்பட்டவை. அதைவிடத் தடிமனானதைத் திணித்து மடித்தால் கீலும் கம்பியும் கெடும். தடிமன் குறைவாக இருப்பதால்தான் ஃபோமின் தரம் இங்கே மிக முக்கியமாகிறது. அடர்த்தியும் கடினமும் ஒன்றல்ல என்பதைப் பலர் அறிவதில்லை. கையால் அழுத்தும்போது கெட்டியாகத் தெரியும் ஃபோம், அடர்த்தி குறைவானதாக இருந்தால் விரைவிலேயே அமுங்கிவிடும். ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கேளுங்கள். நாள்தோறும் படுக்கப் பயன்படும் என்றால் 40 கிலோ அளவில் எடுப்பது நல்லது. மேலே மென்மைக்காக மெல்லிய மெத்தை விரித்தால், மடிக்கும் முன் ஒவ்வொரு நாளும் அதை எடுத்துவிட வேண்டும்.

சட்டகமே முறுக்கிக்கொண்டு, விரிக்கும்போது ஒரு பக்கம் முந்தியும் மறு பக்கம் பிந்தியும் வந்தால், துண்டு துண்டாகப் பழுதுபார்ப்பதை நிறுத்திவிடுங்கள். சோபாவின் மரக்கூடு உறுதியாக இருந்தால் விரிந்து மடியும் உள் அமைப்பை மட்டும் முழுவதும் மாற்றலாம். அதற்குக் கைப்பிடிகளுக்கு நடுவே உள்ள உள் அகலம், முன்னிருந்து பின்வரை ஆழம், இருக்கையின் அடிவரை உயரம், பழைய போல்ட் துளைகளின் இடைவெளி ஆகியவற்றை மில்லிமீட்டரில் எடுத்துச் செல்லுங்கள். எந்த வேலை செய்தாலும், முடிந்தவுடன் நூல் பிடித்து அளந்து அடிச்சட்டத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்தால், புதிய பாகங்கள் படிந்து அமர்ந்திருக்கின்றனவா, வேறொரு பழுது இன்னும் மறைந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.